புல்லுக்குப் போடும் உரம் எங்கே போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வசந்தகாலத் தோட்டவேலை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தக்காளிக்கும் தொட்டிக் கறிவேப்பிலைக்கும் சொல்லியிருந்த யோசனைகள் உபயோகமானவை. ஆனால் அமெரிக்காவில் தனிவீட்டில் இருக்கும் நம்மவர்களுக்குக் காய்கறிப் பாத்தியைவிடப் பல மடங்கு பெரியது புல்தரை. அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நியூ ஜெர்சியில் நாங்கள் வீடு வாங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. வந்த புதிதில், பக்கத்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்த கம்பெனியிடமே நாங்களும் புல்தரையை ஒப்படைத்தோம். வருடத்துக்கு ஆறு தடவை வந்து எதையோ தூவுவார்கள். புல்லில் இறங்க வேண்டாம் என்று ஒரு சின்னக் கொடியை நட்டுவிட்டுப் போவார்கள். ஒருநாள் மூன்று வயது மகள் அந்தக் கொடியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு புல்லில் நின்றிருந்தாள். அன்றைக்குத்தான் ரசீதை எடுத்து, என்ன போட்டிருக்கிறார்கள் என்று படித்தேன். களைக்கொல்லியும் நைட்ரஜன் உரமும். எங்கள் மண்ணுக்கு அது வேண்டுமா என்று யாரும் சோதித்துப் பார்த்ததே இல்லை. நாங்களும் கேட்டதில்லை.

அப்புறம் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் மண் பரிசோதனைக் கூடத்துக்கு மாதிரி அனுப்பினேன். பாஸ்பரஸ் என்ற உரச்சத்து தேவைக்கு மேலேயே இருந்தது. மண்ணின் புளிப்பைக் குறைக்கக் கொஞ்சம் சுண்ணாம்பு போட்டால் போதும் என்று பதில் வந்தது.

தேவைக்கு மேல் போடும் உரம் புல்லிலேயே தங்குவதில்லை. மழை அதைத் தெருவோர வடிகாலில் தள்ளுகிறது. நம் புறநகர்களில் பெரும்பாலும் அந்த வடிகால் நீர் சுத்திகரிப்பு எதுவும் இல்லாமல் நேராக ஓடைக்குத்தான் போகிறது. கோடையில் நாம் குழந்தைகளோடு போகும், நியூ ஜெர்சிக் கடற்கரையில் இருக்கும் பார்னகட் விரிகுடாவைப் பாருங்கள். கடலோடு அதற்கு இருப்பவை குறுகிய வாய்கள்தான், தண்ணீர் மாற நாளாகிறது. வந்து சேரும் நைட்ரஜனில் பாசி கொழிக்கிறது, வெளிச்சம் கிடைக்காமல் அடியில் கடற்புல் அழிகிறது. இந்த விரிகுடாவின் நிலையைப் பார்த்துத்தான் நியூ ஜெர்சி 2011-ல் உரச் சட்டமே கொண்டுவந்தது. நவம்பர் 15 முதல் மார்ச் 1 வரை வீட்டுக்காரர்கள் புல்லுக்கு உரம் போடக்கூடாது. பெருமழைக்கு முன்னால் கூடாது. டிரைவ்வேயில் சிந்தியதைக் கூட்டி எடுக்க வேண்டும். பரிசோதனை செய்யாமல் பாஸ்பரஸ் போடக்கூடாது. எனக்குத் தெரிந்த நம் குடும்பங்களில் இதைக் கேள்விப்பட்டவர்கள் இரண்டு மூன்று பேர்தான்.

உரத்தைக் குறைக்க எளிய வழி, வெட்டிய புல்லை அள்ளாமல் அங்கேயே விடுவது. அது மக்கி, புல்லுக்கு வேண்டிய நைட்ரஜனில் ஏறக்குறைய கால் பங்கைத் திருப்பித் தருகிறது. மூன்று அங்குல உயரத்துக்குக் குறையாமல் வெட்டினால் களையும் அடங்கும். நான் ஒப்பந்தத்தை விட்டு எட்டு வருடம் ஆகிறது. அங்கங்கே குளோவர் என்ற சின்னப் பூச்செடி முளைத்திருக்கிறது, தேனீ வருகிறது. இருக்கட்டும்.

இயந்திரங்களையும் சொல்லியாக வேண்டும். உதிர்ந்த இலைகளை ஊதித் தள்ள முதுகில் மாட்டும் பெட்ரோல் லீஃப் புளோயரை ஒரு மணி நேரம் ஓட்டினால் வரும் புகைமூட்ட மாசு, ஒரு காரை சுமார் 1,100 மைல் ஓட்டுவதற்குச் சமம் என்று கலிஃபோர்னியாவின் காற்றுவள வாரியம் கணக்குச் சொல்கிறது. வாஷிங்டன் டி.சி.யில் 2022 ஜனவரி முதல் அவற்றுக்குத் தடை. நாம் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோம். புளோயரை நாள் முழுக்க முதுகில் சுமக்கும் தொழிலாளி அந்தப் புகையைத்தான் சுவாசிக்கிறார். பேட்டரி இயந்திரம் வைத்திருக்கிறீர்களா என்று ஆள் வைக்கும்போதே கேளுங்கள். நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து கேட்டால் அவர்களும் மாற்றிக்கொள்வார்கள்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த மார்ச் இதழில், கடைகளில் உர மூட்டைகள் அடுக்கப்படுவதற்கு முன், மண் மாதிரி எடுப்பது எப்படி என்று ஒரு பக்கம் போடுங்கள். எழுதித் தர நான் தயார்.

அன்புடன்,
ஒரு வாசகி,
நியூ ஜெர்சி