பேந்துன்னா என்ன சார்?

அன்பின் மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. கனடாவில், ஸ்காபரோவில் புதிதாக வந்த தமிழ்ப் பிள்ளை ஒன்று மூன்று மாதமாக வகுப்பில் வாய் திறக்கவில்லை என்று எழுதியிருந்தாய். அதே மாதிரி ஒரு பிள்ளை என்னிடமும் இருந்தான். இங்கே கிளிநொச்சியில், தமிழ் வகுப்பில்!

பெடியன் தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்தவன். தாய் 1990இல் ஐந்து வயதில் படகேறிப் போனவர். 2021இல் அந்த முகாம்களை 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றினார்கள். தாய் அந்தப் பெயரை நம்பவில்லை போல. இரணைமடுப் பக்கம் தகப்பன் விட்டுப்போன காணியைத் தேடி வந்துவிட்டார். தாய்க்கே ஊர்ப் பேச்சு பாதி மறந்துவிட்டது.

முதல் நாள், "கொப்பியை எடுங்கோ, பேந்து பலகையைப் பாருங்கோ" என்றேன். எழும்பி நின்று, "பேந்துன்னா என்ன சார்?" என்றான். 'பிறகு' என்று சொல்லியிருந்தால் விளங்கியிருக்கும். வகுப்பே கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன் மச்சான். அன்றைக்கு மூடிய வாய்தான்.

கணக்கில் கெட்டிக்காரன். ஆனால் சிங்கள எழுத்தைக் கண்ணால் கண்டதில்லை. சமய பாடத்துக்குப் பரீட்சை எழுதுவதும் அவனுக்குப் புதினம். இதற்கிடையில் பதிவுப் பிரச்சினை. பிறப்புச் சான்றிதழ் இந்தியாவினது, குடியுரிமைப் பதிவு முடியவில்லை. அதைக் காட்டி ஒரு பள்ளிக்கூடம் ஏற்கெனவே திருப்பி அனுப்பியிருந்தது. 5 முதல் 16 வயதுவரை கட்டாயக் கல்வி என்று சட்டம் இருக்கிற நாட்டில்! தாய் விடியவே ஆடைத் தொழிற்சாலை பஸ் ஏறிவிடுவார். பெடியன் தங்கச்சியை எழுப்பி, தலை இழுத்து, பெரும்பாலும் வெறும் தேத்தண்ணியோடு வருவான். இதெல்லாம் வீட்டுக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியும். முதலே போயிருக்க வேண்டும்.

அப்புறம் ஒரு வேலை செய்தேன். வீட்டில் மட்டும் புழங்குகிற சொல் ஒன்றை ஆளுக்கொன்றாகக் கொண்டுவரச் சொன்னேன். ஒரு பிள்ளை 'கொழுந்து' கொண்டுவந்தாள். 1977 கலவரத்தோடு மலைநாட்டிலிருந்து வன்னிக்கு வந்த குடும்பம், அம்மம்மா தேயிலைக் கொழுந்து எடுத்தவர். மற்றப் பிள்ளைகளுக்குக் கொழுந்து என்றால் வெற்றிலைக் கொழுந்துதான். அவள் விளக்கி முடிக்க, நம்ம ஆள் மெல்ல எழும்பி, "செக்கிங்" என்றான்.

"அன்னைக்கு முகாம்ல எல்லாரும் வரிசையில நிக்கணும். பேரு கூப்பிடும்போது இல்லேன்னா காசு வராது. அம்மா காய்ச்சலோட நின்னாங்க" என்று சொல்லிக்கொண்டே போனான். ஒருத்தரும் சிரிக்கவில்லை. பின்வாங்கிலிருந்து ஒருத்தி, "மெனிக் பாமிலயும் அப்படித்தானாம், எங்கட அம்மா சொன்னவ" என்றாள். 2009இல் போர் முடியச் சனத்தை அடைத்துவைத்த முகாம் அது. அப்போது அவள் பிறக்கக்கூட இல்லை.

அவன் இன்னும் 'புரியல' என்றுதான் சொல்கிறான். மற்றப் பெடியள் இருவர் 'விளங்கேல்ல'யை விட்டுவிட்டு 'புரியல'க்கு மாறிவிட்டார்கள். சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.

உன் வகுப்புப் பிள்ளைக்கும் ஒரு சொல் கேட்டுப் பார். ஆங்கிலத்தில் வேண்டாம், அவனுடைய பேச்சிலேயே சொல்லட்டும்.

கோப்பாயில் என்னிடம் விட்டுப்போன உன் சிங்கள அகராதியை இந்தப் பெடியனுக்குக் கொடுத்துவிட்டேன். முதல் பக்கத்தில் உன் பெயர் இருக்கிறது, யாரென்று கேட்டான். கோபிக்காதே.

உன் பழைய அறைத்தோழன்