அம்மாவை உட்காரவைத்துப் பார்

அன்பு முருகேசு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் இந்த அளவுக்குத் தேய்ந்திருக்கும் என்று நினைக்கவில்லை. இனி ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டு மெடிக்கல் காலேஜ் வரை போய்வர முடியாதுதான். நாலு லட்சத்துக்குள் செகண்ட்ஸில் கார் பார்க்கிறேன் என்றாய், நல்ல முடிவு. ஆனால் அதோடு அனுப்பியிருந்த 2013 டீசல் எஸ்யூவி படத்தைப் பார்த்துவிட்டு நானும் வீட்டுக்காரியும் சிரித்தோம். உன் புல்லட் ஆசை இன்னும் போகவில்லை போல!

இங்கே எல்லாரும் சௌக்கியம். பையனுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. எனக்கு வருகிற மே மாதம் ரிட்டயர்மென்ட். அதற்குள் மாடியில் ஒழுகுகிற இடத்தைச் சரிசெய்துவிட வேண்டும் என்று பாடுபட்டுக்கொண்டிருக்கிறேன்.

சரி, காருக்கு வருவோம். நீ மாதம் எவ்வளவு ஓட்டப்போகிறாய்? ஆபீஸ், ஆஸ்பத்திரி, மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை கும்பகோணம். எப்படிக் கூட்டினாலும் 800 கிலோமீட்டரைத் தாண்டாது. சின்னப் பெட்ரோல் கார் ஊருக்குள் லிட்டருக்கு 16 கொடுத்தால் 50 லிட்டர், அதாவது ஐயாயிரம் ரூபாய் சுமார். அந்தப் பழைய எஸ்யூவி 12 கொடுத்தாலே பெரிய விஷயம். டீசல் விலை லிட்டருக்குப் பத்து ரூபாய்க்குள் குறைவு என்றாலும் மாதம் ஆறாயிரம் ஆகிவிடும். இதில் இன்ஜெக்டரோ டர்போவோ மக்கர் பண்ணினால் ஒரு வருஷப் பெட்ரோல் காசு ஒரே பில்லில் போய்விடும். டீசல் தினமும் ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவனுக்கு. உனக்கு எதற்கு?

இன்னொன்று, 2013 வண்டிக்கு 2028இல் ஆர்சி காலம் முடிகிறது. அப்புறம் ஆர்டிஓவில் வண்டியைக் காட்டி, பாஸானால்தான் ஐந்து வருஷத்துக்கு நீட்டிப்பார்கள். வாங்கி மூச்சு விடுவதற்குள் எஃப்சி (தகுதிச் சான்று) வேலைக்கு டிங்கரிங், பெயிண்ட் என்று அலையப்போகிறாயா?

நான் சொல்வது வேகன் ஆர் மாதிரி உயரமான பெட்ரோல் வண்டி. பார்க்க ஒன்றும் ராஜகம்பீரமாக இருக்காதுதான். ஆனால் சீட் சரியான உயரத்தில் இருக்கும், அம்மா அப்படியே பக்கவாட்டில் உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துக்கொள்ளலாம். செடான் என்றால் பள்ளத்தில் இறங்குவது போல இறங்க வேண்டும், எஸ்யூவி என்றால் படி ஏற வேண்டும். முழங்கால் வலிக்காரர்களுக்கு இரண்டுமே தண்டனை. எந்த வண்டி பிடித்தாலும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அம்மாவை ஏறி இறங்கச் சொல்லிப் பார்.

2019 ஜூலைக்குப் பின் வந்த வண்டி அமைந்தால் நல்லது. அந்த மாதத்திலிருந்துதான் டிரைவர் ஏர்பேக் கட்டாயமானது. அதற்கு முந்தியது என்றால் எந்த வேரியன்ட் என்று கேள், அடிமட்ட மாடலில் இல்லாமல் இருக்கலாம். ஐ10 வந்தால் 1.1 இஞ்சினா என்று பார். அதில் இஞ்சின் பாகங்களை ஒத்து ஓடவைக்க டைமிங் பெல்ட் இருக்கும், அதை மாற்றியதற்கு பில் கேள். ஃபோர்டு, செவர்லே சீப்பாகக் கிடைக்கும், வண்டியும் உறுதிதான். ஆனால் செவர்லே 2017 கடைசியிலேயே இங்கே விற்பனையை நிறுத்திவிட்டது, ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே கார் தயாரிப்பதை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. உன் தெரு மெக்கானிக் பார்ட்ஸுக்கு அலைய வேண்டியிருக்கும்.

பார்க்கப் போகும்போது காலையில் போ. நீ வருவதற்கு முன்னால் ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடு. பானெட்டைத் தொட்டுப் பார், சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, பேசாமல் திரும்பி வந்துவிடு. பானெட் போல்ட்டில் பெயிண்ட் உரிந்திருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள், ஏன் என்று கேள். மீட்டரை நம்பாதே, பெடல் ரப்பரைப் பார். நாற்பதாயிரம் ஓடிய வண்டிக்கு அது மொழுக்கென்று தேய்ந்திருக்காது. டயரில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் டயர் தயாரானது 2019ஆம் வருஷத்தின் 23ஆவது வாரம்.

சென்னைப் பதிவு வண்டி என்றால் கூடுதல் ஜாக்கிரதை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் ஏகப்பட்ட கார்கள் தண்ணீரில் மூழ்கின. எல்லாமே காயலான் கடைக்குப் போய்விடவில்லை. கழுவித் துடைத்து சென்ட் அடித்து வைத்தாலும் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் அடியில் சேற்றுக் கறை தெரியும். சீட்டுக்குக் கீழே உள்ள தண்டவாளத்தில் துரு, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியில் மண், இவற்றையும் பார். இன்ஜினைக்கூடச் சரிபண்ணிவிடலாம். வயரிங்கில் தண்ணீர் புகுந்த வண்டி இன்று ஹாரன், நாளை பவர் விண்டோ என்று உயிரை வாங்கும்.

விலையை அழுத்திப் பேசு. 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்து புது வண்டியே இறங்கிவிட்டது. பழைய ரேட்டைச் சொல்லும் புரோக்கருக்கு இதை நினைவுபடுத்து. நாலு லட்சத்தையும் வண்டிக்கே கொடுத்துவிடாதே. டயர், பேட்டரி, ஆயில் என்று முதல் மாதமே ஐம்பதாயிரம் கேட்கும், அதைத் தனியாக வை. விற்பவரின் நோ கிளெய்ம் போனஸ், அதாவது இன்சூரன்ஸ் கிளெய்ம் பண்ணாததற்குக் கிடைக்கும் தள்ளுபடி, உனக்கு வராது, இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உன் பேருக்கு மாற்ற மனு கொடுத்துவிடு. ஆர்சியில் லோன் இருந்தால் பேங்க் கடிதத்தோடு, லோன் தீர்ந்ததைக் காட்டும் ஃபாரம் 35 வாங்காமல் பணம் தராதே.

உன் ஸ்கூட்டரை விற்கும்போதும் இதே கறார் வேண்டும். பேர் மாற்றுவதற்கான ஃபாரம் 29, 30இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு விட்டுவிடாதே, பேர் மாறிவிட்டதா என்று ஆன்லைனில் பார். ஆர்சியில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது.

இரண்டு மூன்று வண்டியைப் பொறுக்கி வைத்துவிட்டுச் சொல். ஒரு சனிக்கிழமை ஜனசதாப்தியில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு தஞ்சாவூர் வந்துவிடுவேன், ஞாயிறு காலையில் சேர்ந்து போய்ப் பார்க்கலாம். தங்கச்சியிடம் வத்தக்குழம்பு வைக்கச் சொல்லிவிடு. அந்த எஸ்யூவிக்கு மட்டும் அட்வான்ஸ் கொடுத்துத் தொலைக்காதேடா.

அன்புடன்,
செல்வம்
கோயம்புத்தூர்