நாவலர் என்று போடலாமா?

அன்பு மகளுக்கு,

தமிழ்ச் சங்கத்தில் நீ பேசப்போகும் கூட்டத்தின் அழைப்பிதழில் உன் பெயருக்கு முன்னால் 'நாவலர்' என்று போடப்போகிறார்களாம், அதற்கு என்ன பொருள் அப்பா என்று நேற்று போனில் கேட்டாய். 'நல்லா பேசுறவங்க' என்று சொல்லி வைத்துவிட்டேன். இரவெல்லாம் அது போதாத பதிலாகவே பட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

நா என்றால் நாக்கு. அதில் வல்லவர் நாவலர். சரி, அந்த வல்லமை எது? நிறுத்தாமல் பேசுவதா? வள்ளுவர் 'கேட்டார்ப் பிணிக்கும்' என்கிறார். பிணிப்பது என்றால் கட்டுவது. காசிமேட்டில் படகைக் கயிறு போட்டுக் கட்டுவார்களே, அலை இழுத்தாலும் நகராது, அந்தக் கட்டு.

உன் தாத்தா அதைக் கண்ணால் பார்த்தவர். 1949 செப்டம்பர், நம் ராயபுரம் ராபின்சன் பூங்கா, தி.மு.க. தொடக்கக் கூட்டம். கொட்டுகிற மழையில் அண்ணா பேசினார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு நேராக அங்கே போன தாத்தா, நனைந்துகொண்டே கடைசிவரை நின்றாராம். 'காய்ச்சல் வந்ததுடா, ஆனா கால் நகரலை' என்பார்.

எனக்கு அந்தக் கட்டு வரவில்லை. இருபத்தைந்து வயதில் தண்டையார்பேட்டையில் ஒரு தெருமுனைக் கூட்டம், தண்ணீர்ப் பிரச்சினைக்காக. நாலு பக்கம் அடுக்குமொழியை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். குடத்தோடு நின்ற பெண்கள், லாரி சத்தம் கேட்டதும் போய்விட்டார்கள். நான் காலி ரோட்டைப் பார்த்துப் பேசி முடித்தேன். அடுத்து மைக் பிடித்த பெரியவர், அவர்கள் திரும்பி வரும்வரை வாயே திறக்கவில்லை. வந்ததும் ஒரு அம்மாவிடம், 'இன்னைக்கு எத்தனை குடம் கிடைச்சுது அக்கா?' என்றார். 'ரெண்டு.' அந்த ரெண்டு குடத்தில் யார் குளிப்பது, யார் சோறு ஆக்குவது என்று அதை வைத்தே கால் மணி நேரம் பேசினார். ஒருத்தரும் குடத்தை இடுப்பில் எடுக்கவில்லை. அவருக்கு யாரும் பட்டம் கொடுத்ததில்லை. இந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு அவர் முகம்தான் வரும்.

அது சும்மா வந்த பட்டமும் இல்லை கண்ணு. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1849-இல் அச்சு இயந்திரம் வாங்கச் சென்னைக்கு வந்த பயணத்தில், திருவாவடுதுறை ஆதீனத்தில் பேசினார். அதைக் கேட்டுத்தான் அந்தப் பெயரைத் தந்தார்கள். அண்ணாவோடு இருந்த நெடுஞ்செழியனையும் ஊரே நாவலர் என்றது. பேசிய பிறகு கொடுப்பது அது. ஔவையார் பாட்டாகச் சொல்லும் ஒரு வெண்பாவில் 'வார்த்தை பதினாயிரத்தொருவர்' என்று வரும். பேச்சாளர் என்று சொல்லத் தகுந்தவர் பத்தாயிரம் பேரில் ஒருவர்தானாம்.

அதனால் அழைப்பிதழ் அச்சுக்குப் போவதற்குள் சொல்லி, பெயரை மட்டும் போடச் சொல்லிவிடு. உன் பெயரே அழகாகத்தான் இருக்கிறது.

அப்புறம், ஞாயிறு காலையில் போன் போட்டுப் பேசிக் காட்டு. ஸ்பீக்கரில் வைக்கிறேன். அம்மா வழக்கம்போல மீன் ஆய்ந்துகொண்டிருப்பாள். எந்த இடத்தில் அவள் கை நின்றது என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா