நிலம் கைக்கு வரும் முன் அடிக்கல் வேண்டாம்: கும்டாவுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழும (கும்டா) உறுப்பினர்களுக்கும், அதில் அங்கம் வகிக்கும் துறைகளின் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

கிளாம்பாக்கம் பேருந்து முனையத்துக்கு 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். 2023 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள். ஏறக்குறைய 88 ஏக்கர். கட்டடத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. விசாலமாக, நன்றாகவே கட்டியிருக்கிறார்கள். ஆனால் ஜிஎஸ்டி சாலைக்கு அந்தப் பக்கம் ஓடும் மின்சார ரயிலில் ஏறுவதற்கு, திறந்த அன்று அங்கே ஒரு நிலையம் இல்லை. திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் விடியற்காலை வந்து இறங்கியவர்கள், ஒரு கையில் அரிசிப் பையும் தோளில் தூங்கும் பிள்ளையுமாக, மாநகரப் பேருந்துக்குக் காத்து நின்றார்கள். முடியாதவர்கள் ஆட்டோக்காரர் கேட்டதைக் கொடுத்து வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போய் ரயில் பிடித்தார்கள்.

நிலையம் வேண்டும் என்பது யாருக்கும் தெரியாமல் இல்லை. முனையம் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவின் வேலை. நிலையம் ரயில்வேயின் வேலை. அதற்குப் பணம் கட்ட வேண்டியது சிஎம்டிஏ. சாலை ஒரு துறையிடம், நகரப் பேருந்து இன்னொரு நிர்வாகத்திடம். ஒவ்வொரு அலுவலகத்தின் கோப்பையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் எல்லாம் முறைப்படிதான் இருக்கும். ஊரிலிருந்து வருகிறவர் வீடு போய்ச் சேர்கிறாரா என்று பார்க்கத்தான் கோப்பு கிடையாது.

அரசுப் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கதை எங்களுக்குப் புதிதில்லை. ரயில்வே மேம்பாலங்களைப் பாருங்கள். தண்டவாளத்துக்கு மேலே வரும் பகுதியை ரயில்வே கட்டும். இரண்டு பக்க அணுகுசாலையை மாநில நெடுஞ்சாலைத் துறை கட்டும். ஏதோ ஒரு பக்கம் நிலம் வராது. நடுவில் பாலம் மட்டும் தனியாக அந்தரத்தில் நிற்கும். கீழே லெவல் கிராஸிங் கேட்டில் ஆம்புலன்ஸ் நிற்கும். ஆய்வுக் கூட்டத்தில் கேட்டால் ‘எங்கள் பகுதி நூறு சதவீதம் முடிந்துவிட்டது’ என்று ஒரு தரப்பு சொல்லும். அது பொய்யும் இல்லை. அதுதான் வேதனை.

பறக்கும் ரயில் 2007-இல் வேளச்சேரி வரை வந்தது. அங்கிருந்து பரங்கிமலை வெறும் ஐந்து கிலோமீட்டர். 2008-இல் வேலை தொடங்கியது. தூண்கள் எழுந்தன, மேலே பாதையும் வந்தது. ஆதம்பாக்கம் பக்கத்தில் அரை கிலோமீட்டர் நிலம் வழக்கில் மாட்டிக்கொண்டது. அந்த அரை கிலோமீட்டருக்காக, கட்டி முடித்த மிச்சப் பாதை முழுவதும் ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் சும்மா கிடந்தது. நிலம் கொடுத்தவர்கள் கூடுதல் விலை கேட்டு நீதிமன்றம் போனதை நான் தப்பு சொல்லமாட்டேன். அது அவர்கள் உரிமை. நிலத்தை வாங்கி முடிக்காமலே ஒப்பந்தப்புள்ளி கோரிய திட்டமிடலைத்தான் சொல்கிறேன்.

ஏன் இப்படிச் செய்கிறோம் என்பதும் நமக்குத் தெரியும். நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. ஒதுக்கிய பணம் செலவாகாவிட்டால் திரும்பிப் போய்விடும். நிலமெடுப்பில் ஓராண்டு உழைத்தாலும் கண்ணுக்குத் தெரியும்படி ஒன்றும் இருக்காது. தூண் எழுந்தால் புகைப்படம் எடுக்கலாம், பில் போடலாம். அதனால் சுலபமான இடத்தில் வேலையைத் தொடங்கிவிட்டு, சிக்கலான இடத்தைக் கடைசிக்கு விடுகிறோம். 2013-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டப்படி சமூகத் தாக்க ஆய்வு, அறிவிக்கை, ஆட்சேபணை விசாரணை, இழப்பீட்டை முடிவு செய்யும் தீர்வம் என்று வரிசையாக வேலை இருக்கிறது. இவ்வளவும் தெரிந்துகொண்டே கால அட்டவணையில் நிலமெடுப்புக்கு ஒரு சின்னக் கட்டத்தை ஒதுக்குகிறோம். அப்புறம் கால நீட்டிப்பு, திருத்திய மதிப்பீடு, விலையேற்றம். அந்தக் கூடுதல் பணம் யாருடையது?

இன்னொன்று, ஆள் மாற்றம். திட்டத்தைத் தொடங்கிய அதிகாரி முடிக்கும்போது இருப்பதில்லை. புதிதாக வருகிறவர் கோப்பைப் படித்து, களத்தைப் பார்த்து, வட்டாட்சியரைப் பழகிக்கொள்ளும் நேரத்தில் அவருக்கும் மாற்றல் ஆணை வந்துவிடுகிறது. மேற்குக் கடற்கரையோரம் பாதை போட கொங்கண் ரயில்வே நிறுவனம் 1990-இல் அமைக்கப்பட்டபோது பொறுப்பேற்ற பொறியாளர் ஸ்ரீதரன், பாதை ஏறக்குறைய முழுமையாகும் வரை அங்கேயே இருந்தார். தில்லி மெட்ரோவிலும் 2011 இறுதி வரை அவரே. அவருடைய திறமை எல்லோருக்கும் வாய்க்காது, சரி. ஆனால் ஒருவரை ஒரே இடத்தில் வேலை முடியும் வரை விட்டுவைப்பது அரசு நினைத்தால் நாளைக்கே முடிகிற காரியம்.

உங்கள் குழுமத்துக்கான சட்டம் 2010-இல் வந்தது. முதல் கூட்டம் 2022-இல்தான் நடந்தது. பன்னிரண்டு ஆண்டு போனது போகட்டும். ரயில், மெட்ரோ, பேருந்து, சாலை எல்லாவற்றையும் ஒரே மேசையில் உட்காரவைக்கும் இடம் இப்போது உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. அதை அறிக்கை தயாரிப்பதோடு நிறுத்திவிடாதீர்கள்.

விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரையிலான மெட்ரோ உள்பட, இனி உங்கள் முன் வரும் ஒவ்வொரு திட்டத்துக்கும் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். தேவையான நிலத்தில் பத்தில் ஒன்பது பங்காவது கையில் இருக்கிறதா? குடிநீர்க் குழாய், மின்கேபிள், மழைநீர் வடிகால் ஆகியவற்றை நகர்த்த யார், எந்தத் தேதிக்குள் ஒப்புக்கொண்டிருக்கிறார்? இறுதி வரை பொறுப்பேற்கும் அதிகாரி யார்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வராத திட்டத்தைத் திருப்பி அனுப்புங்கள். ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைக்கு 1998 முதலே சட்டம் இருக்கிறது. அதேபோல நிலமெடுப்பு எந்தப் புல எண்ணில், எந்த நிலையில், எந்த மேசையில் நிற்கிறது என்பதையும் மாதாமாதம் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள். புதிதாக ஊழியர் யாரும் தேவையில்லை. நிலமெடுப்பு வட்டாட்சியர் அலுவலகத்தில் அந்தப் பதிவேடு ஏற்கெனவே இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசுப் பொறியாளர் ஒருவர்