கூலிங் பேட் வாங்கும் முன் லேப்டாப்பைத் திருப்பிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடையைச் சமாளிக்கும் யோசனைகள் என்று சென்ற வாரம் உங்கள் நாளிதழில் வந்த பகுதியில், லேப்டாப் சூடானால், அடியில் வைக்கிற விசிறிப் பலகையான கூலிங் பேட் ஒன்றை வாங்கி வையுங்கள் என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். அந்த வரியைப் படித்துவிட்டு மூன்று பேர் என் கடைக்கு வந்தார்கள். ஒருவரிடம் வேண்டாம் என்றேன், ஒருவரிடம் கட்டாயம் வாங்குங்கள் என்றேன், மூன்றாவதாக வந்தவரின் லேப்டாப்பை அந்த நிமிடமே அணைத்து பேட்டரியைக் கழற்ற வேண்டியதாகிவிட்டது. ஒரு வரியில் முடிகிற விஷயமாக இது எனக்குத் தெரியவில்லை. கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலூரில் லேப்டாப் பழுது பார்க்கிறவன். 2011-ல் அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்து, அதுவரை கம்ப்யூட்டர் என்பதையே பார்க்காத தெருக்களிலும் லேப்டாப் வந்து சேர்ந்ததே, அதற்கு அடுத்த வருடம் இந்தத் தொழிலுக்கு வந்தேன். எங்கள் ஊர் வெயிலைப் பற்றி யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சுற்றிலும் பாறை மலை, பகலெல்லாம் காய்ந்த சூடு ராத்திரியிலும் இறங்காது. கத்திரி சமயத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே சாதாரணம். ஆப்பிள் நிறுவனம் தன் லேப்டாப்களை 10 முதல் 35 டிகிரி வரை உள்ள இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது. மே மாதம் ஏசி இல்லாத எந்த மாடி அறை அந்தக் கணக்குக்குள் வரும்? அதனால் லேப்டாப் சூடாகிறது என்று ஒருவர் சொன்னால் அது வெறும் பயம் என்று நான் தள்ளிவிடுவதில்லை. ஆனால் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் பேட் வாங்கினால் காசுதான் போகும்.

முதலில் கூலிங் பேட் என்பது விசிறி, ஏசி அல்ல. லேப்டாப்புக்குள் அதன் மூளையான புராசஸரின் சூட்டை ஒரு செம்புக் குழாய் ஓரத்துக்குக் கொண்டுவருகிறது, அங்கே மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும், உள்ளே இருக்கிற சின்ன விசிறி பெரும்பாலும் அடிப்பக்கத்திலிருந்து காற்றை இழுத்து அந்தத் தகடுகள் வழியாகப் பின்னாலோ பக்கவாட்டிலோ வெளியே தள்ளும். அடியில் இருக்கும் ரப்பர் காலின் உயரம் சில மில்லிமீட்டர்தான். அந்த இடுக்கில் காற்று போதாமல் விசிறி திணறும்போது, கீழிருந்து காற்றைக் கொடுத்து உதவுவதுதான் பேடின் வேலை. அறையில் 38 டிகிரி இருந்தால் அது ஊதுவதும் 38 டிகிரிக் காற்றைத்தான், அதற்குக் கீழே அதனால் இறக்கவே முடியாது. பேட் வாங்கியும் கை வைத்தால் சுடுகிறதே என்று வந்து சண்டை போடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மூன்று பேரில் முதலில் வந்தவர் ஆட்டோ ஓட்டும் அண்ணன். மகள் காட்பாடிப் பக்கம் கல்லூரியில் படிக்கிறாள், லேப்டாப் அரை மணி நேரத்தில் கொதித்து, தட்டச்சு செய்தால் எழுத்து தாமதமாக வருகிறதாம். "அஞ்சு ஃபேன் வெச்ச பேட் 1,200 ரூபா சொல்றான் தம்பி, வாங்கிடட்டுமா?" என்றார். இருங்கள் அண்ணே என்று அடிமூடியைக் கழற்றிக் காட்டினேன். அந்தத் தகடுகளுக்கு முன்னால் தூசி கம்பளி மாதிரி படிந்து, ஊதினால் ஒரு துளி காற்றுகூட மறுபக்கம் போகவில்லை. இந்த நிலையில் கீழே ஐந்து விசிறி என்ன, வீட்டு டேபிள் ஃபேனையே கொண்டு வந்து வைத்தாலும் பலன் கிடையாது. சுத்தம் செய்து, புராசஸரின் சூட்டைச் செம்புக் குழாய்ப் பக்கம் கடத்துகிற, காய்ந்து மண்ணாகியிருந்த தெர்மல் பேஸ்ட் என்ற பசையைத் துடைத்துப் புதிதாகப் போட்டேன். அதே வேலை ஓடும்போது 96 டிகிரி காட்டியது 79-க்கு வந்தது. 500 ரூபாய் வாங்கினேன். பேட் வாங்கியிருந்தால் 1,200 போயிருக்கும், சூடும் அப்படியே இருந்திருக்கும், மகளும் தன் லேப்டாப் சரியில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்திருப்பாள். எனக்கு வேலை வரட்டும் என்று இதைச் சொல்லவில்லை. கடை கடையாக அலைந்து பேட் வாங்கி, ஒரு மாதம் கழித்து என்னிடம் வருகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள், பார்க்க மனசு கேட்கவில்லை.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது, செலவே கிடையாது. கோர் டெம்ப் அல்லது ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன, ஒன்றைப் போட்டு வழக்கமான வேலையை அரை மணி நேரம் செய்து வெப்பம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர் பாட்டில் மூடி இரண்டை எடுத்து, காற்றுத் துளையை அடைக்காமல், லேப்டாப்பின் பின்பக்க மூலைகளுக்கு அடியில் வைத்துவிட்டு அதே வேலையை மறுபடி செய்யுங்கள். எண் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு இறங்கினால் உங்கள் லேப்டாப் காற்றுக்குத்தான் ஏங்குகிறது, பேட் உதவும். சில சமயம் அந்த இரண்டு மூடியே போதும் என்றும் தெரிந்துவிடும். அசையவே இல்லையென்றால் உள்ளே தூசியா, பேஸ்ட்டா என்று பார்க்க வேண்டும். 90 என்று கண்டதும் பதற வேண்டாம், பல இன்டெல் புராசஸர்களுக்கு மேல் எல்லை 100 டிகிரி, அதை நெருங்கும்போது அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். அந்த வேகக்குறைவைத்தான் நாம் லேப்டாப் மெதுவாகிவிட்டது என்கிறோம்.

இரண்டாவதாக வந்தவர் கல்யாண வீடியோ எடிட் செய்கிற தம்பி. கேமிங் லேப்டாப், உள்ளே சுத்தமாக இருந்தது, பாட்டில் மூடிகளை அடியில் வைத்துப் பார்த்ததில் 7 டிகிரி இறங்கியது. முகூர்த்த மாதங்களில் எடிட் செய்ததை முழு வீடியோவாக்குகிற ரெண்டர் வேலை ராத்திரி முழுக்க ஓடும். அவருக்குப் பேட் தேவைதான். ஆனால் எந்தப் பேட்?

இங்கேதான் திருப்பிப் பார்க்க வேண்டும் என்கிறேன். லேப்டாப்பை ஓடவிட்டு, ஓரத்தைச் சற்றுத் தூக்கி, மெல்லிய டிஷ்யூ துண்டு ஒன்றை அடித்துளைகளுக்கு அருகில் பிடியுங்கள். காகிதம் ஒட்டிக்கொள்கிற இடம் காற்று உள்ளே போகும் வழி, பறக்கிற இடம் சூடு வெளியே வரும் வழி. எல்லாத் துளையும் நிஜத் துளை என்று நினைக்காதீர்கள், அழகுக்காக வரி வரியாகப் போட்டுவிட்டு உள்ளே அடைத்திருப்பார்கள். நிஜத் துளை எங்கே என்று தெரிந்ததும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பேடின் விசிறி அந்த இடத்துக்கு நேராக வர வேண்டும். நடுவில் ஒரே பெரிய விசிறி வைத்த பேட், துளைகள் இரண்டு ஓரத்திலும் இருக்கிற லேப்டாப்புக்கு வெறும் பிளாஸ்டிக்கைத்தான் குளிர்விக்கும். விசிறி ஆறா ஐந்தா என்ற எண்ணிக்கையைவிட இது முக்கியம். அதே அளவு காற்றைச் சின்ன விசிறி வேகமாகச் சுற்றித்தான் தள்ள வேண்டும், அதனால் கீச்சென்று சத்தம் வரும். பெரியது மெதுவாகச் சுற்றியே தள்ளிவிடும், ராத்திரியில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிது. நீல வெளிச்சம் சிவப்பு வெளிச்சம் எதற்கும் உதவாது.

மேலே தடித்த ஃபோம் விளிம்பு வைத்து, லேப்டாப்பின் அடிப்பாகத்தைச் சுற்றி அடைத்து, காற்றை அழுத்தி உள்ளே அனுப்புகிற வகை ஒன்று இருக்கிறது. திறந்த பேடில் பாதிக் காற்று பக்கவாட்டில் ஓடிவிடும், இதில் ஓடாது, அதனால் கேமிங் லேப்டாப்புக்கு உண்மையிலேயே வேலை செய்கிறது. ஆனால் விலை பல ஆயிரம், முழு வேகத்தில் வைத்தால் பக்கத்தில் உட்கார்ந்து பேச முடியாத சத்தம். ஆபீஸ் வேலைக்கும் பாடம் படிப்பதற்கும் இது தேவையே இல்லை. எடிட்டர் தம்பிக்கு இதைத்தான் சொன்னேன், ஹெட்போன் போட்டுக்கொண்டு வேலை பார்க்கிறவர், அவருக்குச் சத்தம் பிரச்சினை இல்லை. விசிறியே இல்லாத லேப்டாப்கள் உண்டு, 2020-ல் வந்த எம்1 மேக்புக் ஏர் அப்படித்தான். அதற்குக் காற்று உள்ளே போக வழியே கிடையாது, பேட் வைத்தால் அடித்தகடு கொஞ்சம் ஆறும், அவ்வளவுதான்.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பலர் யோசிப்பதே இல்லை. சாதாரணப் பேட் லேப்டாப்பின் யூஎஸ்பி துளையிலிருந்தே மின்சாரம் எடுக்கும். பழைய யூஎஸ்பி 2 துளையின் கணக்கு 500 மில்லிஆம்பியர், அதாவது 2.5 வாட்தான். யூஎஸ்பி 3 என்றால் 900. நான்கைந்து விசிறியும் வெளிச்சமும் சேர்ந்த பேட் அதையெல்லாம் முட்டிக்கொண்டு இழுக்கும். பெட்டியில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள், போடவில்லையென்றால் கடைக்காரரைக் கேளுங்கள். வீட்டில் சும்மா கிடக்கிற பழைய 5 வோல்ட் மொபைல் சார்ஜரில் பேடைச் சொருகிவிட்டால் லேப்டாப்புக்கு அந்தச் சுமை இல்லை, நான் எல்லோருக்கும் இதைத்தான் சொல்கிறேன். தனி அடாப்டரோடு வருகிற பேட் என்றால் அதன் அடாப்டரையே பயன்படுத்த வேண்டும். பேடில் கூடுதலாக ஒரு யூஎஸ்பி துளை இருக்கும், அதில் ஹார்ட் டிஸ்க்கைச் சொருகாதீர்கள், மின்சாரம் பங்கு போய் நடுவில் துண்டித்துக்கொண்டால் போவது உங்கள் கோப்புகள்.

மூன்றாவதாக வந்தது ஒரு டீச்சரம்மா. வருடம் முழுக்க சார்ஜரிலேயே இருக்கிற லேப்டாப், போன கோடையிலேயே ஒரு பேட் வாங்கியிருக்கிறார், அது போதவில்லை என்று இதைவிட நல்ல பேட் எது என்று கேட்க வந்தார். மேஜையில் வைத்ததும் லேப்டாப் ஆடியது. டச்பேட் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, கிளிக் சரியாக விழவில்லை. பேட்டரி உப்பியிருந்தது. வலை போட்ட, சாய்வான பேடின் மேலேயே எப்போதும் இருந்ததால் அது ஆடுவது அவருக்குத் தெரியவே இல்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கொஞ்சம் பதற்றமாகத்தான் இருக்கிறது. புராசஸர் சூட்டைத் தாங்கும், தானே வேகத்தைக் குறைக்கும். லித்தியம் பேட்டரிக்கு அப்படி ஒரு வழி இல்லை, சூட்டில் முழு சார்ஜிலேயே நாள்கணக்காக நிற்பதுதான் அதை வேகமாகக் கெடுப்பது. பேட் வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை லேப்டாப்பை எடுத்துச் சமமான மேஜையில் வைத்துப் பாருங்கள். ஆடினால், மூடி சரியாக மூடாமல் போனால், டச்பேட் எழும்பினால், உடனே அணைத்துவிட்டு சார்ஜரைப் பிடுங்குங்கள். அழுத்திப் பார்க்கக் கூடாது, குத்தக் கூடாது, இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும் என்று விடவும் கூடாது. இப்போது வருகிற பல லேப்டாப்களில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்துகிற வசதி இருக்கிறது, எப்போதும் சார்ஜரில் வைத்து வேலை செய்கிறவர்கள் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஈரத்துணி. லேப்டாப்புக்கு அடியில் நனைத்த துண்டு, ஐஸ் பை, ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்த தட்டு, எல்லாம் என் மேஜைக்கு வந்திருக்கின்றன, உள்ளே இருக்கிற மின்சுற்றுப் பலகை துருப்பிடித்துச் செத்த பிறகு. குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் துளித்துளியாகப் படியும், அது நேராக உள்ளே போகும். தயவுசெய்து செய்யாதீர்கள். மெத்தை, தலையணை, போர்வை மேலும் வைக்காதீர்கள், துளை முழுக்க அடைந்துவிடும். பெயரே மடிக்கணினி என்றாலும் மடியில் வைத்து மணிக்கணக்கில் வேலை செய்யாதீர்கள். தினமும் சில மணி நேரம் மடியில் வைத்து விளையாடிய 12 வயதுப் பையனுக்குத் தொடையில் தோல் நிறம் மாறி வலைபோல் திட்டு விழுந்ததை சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் 2010-ல் ஒரு குழந்தை மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். அது குளிர் நாடு. நம் ஊரில் கேட்க வேண்டுமா?

பேட் வாங்கியாகிவிட்டது என்றால் அதையும் பராமரிக்க வேண்டும். காற்றைத் தள்ளுகிற பொருள் தூசியையும் சேர்த்துத்தான் தள்ளும், ரோட்டோரம் வீடு என்றால் இன்னும் அதிகம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பெயின்ட் பிரஷ்ஷால் வலையையும் விசிறியையும் தட்டி எடுங்கள். லேப்டாப்பை அணைத்ததும் பேடையும் நிறுத்திவிடுங்கள், சும்மா தூசி ஏற்ற வேண்டாம். வீட்டில் பிளோயர் வைத்து லேப்டாப்பைச் சுத்தம் செய்கிறவர்கள் உள்விசிறி சுற்றாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். கோடைப் பகுதியில் அடுத்த முறை இதைப் போடும்போது, பாட்டில் மூடி சோதனையையும் பேட்டரி உப்புவதற்கான அறிகுறிகளையும் சேர்த்துப் போடுங்கள், இடம் இல்லையென்றால் என் கடிதத்தில் மற்றதை வெட்டிவிட்டு அந்த இரண்டை மட்டுமாவது போடுங்கள். கடைக்காரர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன்: பெட்டியைப் பிரித்து, வாடிக்கையாளர் தன் லேப்டாப்பைப் பேட் மேல் வைத்து விசிறி எங்கே வருகிறது என்று பார்க்க விடுங்கள். பிரித்தால் வாங்கியே ஆக வேண்டும் என்று சொல்லாதீர்கள்.

ஆட்டோ அண்ணன் நேற்று இந்தப் பக்கம் வந்தார். மகளுக்குத் தேர்வு நடக்கிறது, லேப்டாப் இரண்டு பாட்டில் மூடி மேல் நன்றாக ஓடுகிறது, ஒரு மூடி மட்டும் தொலைந்துவிட்டது என்றார். என் மேஜையிலிருந்து இரண்டு கொடுத்து அனுப்பினேன்.

இப்படிக்கு,
லேப்டாப் பழுது பார்க்கும் வாசகர்,
வேலூர்