உட்கார்ந்தால் வந்த வலியை நம்பியவர்களுக்கு

அன்புள்ள சிஸ்டர், டாக்டரம்மா, அண்ணி, அம்மா, அப்புறம் அந்த ஒரு வாரம் என் கூடவே நின்ற எல்லோருக்கும்,

என் மகளுக்கு நேற்றோடு மூன்று மாதம் முடிந்தது. அவள் பிறந்த வாரத்தில் உங்களுக்கெல்லாம் ஒழுங்காக ஒரு நன்றிகூட நான் சொல்லவில்லை. சொல்லும் நிலையில் இல்லை. தனித்தனியாகச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் எனக்கு வந்தது போன்ற தலைவலியோடு இன்றைக்கும் ஏதோ ஒரு வார்டில் ஒருத்தி படுத்திருப்பாள். அவளும் அவள் வீட்டாரும் படிக்கட்டும் என்றுதான் இப்படி எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

சிசேரியன் நல்லபடியாகவே நடந்தது. முதுகில் ஸ்பைனல் ஊசி போட்டார்கள். சில நிமிடத்தில் இடுப்புக்குக் கீழே கனத்து மரத்துப்போனது. முழு நினைவோடு படுத்துக்கொண்டு குழந்தையின் முதல் அழுகையைக் காதாரக் கேட்டேன். அதற்காக அந்த ஊசிக்கு இன்றும் நன்றிதான் சொல்வேன். மறுநாள் காலையில் பிடித்துக்கொண்டு நாலடி நடந்தபோதுகூட ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் பால் கொடுக்க உட்கார்ந்தபோதுதான் வந்தது. பிடரியில் கயிறு கட்டி யாரோ கீழே இழுப்பது போல. அங்கிருந்து உச்சிக்கு ஏறி, நெற்றிக்கு இறங்கி, கண்ணுக்குப் பின்னால் போய் நின்றது. கழுத்து விறைத்தது. காது இரண்டும் அடைத்துக்கொண்டன. மடியில் அழும் குழந்தையின் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வருவது போலக் கேட்டது. குமட்டல் வேறு. குழந்தையை அம்மாவிடம் நீட்டிவிட்டு அப்படியே சாய்ந்தேன். ஐந்து நிமிடத்தில் வலி போன இடம் தெரியவில்லை.

படுத்தால் போய்விடும் வலியை யாரிடம் எப்படிக் காட்டுவது? ரவுண்ட்ஸ் வரும் நேரமெல்லாம் நான் படுத்துத்தான் இருப்பேன். "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். "இப்ப பரவாயில்லை" என்பேன். அந்த நிமிடத்தில் அது உண்மையும்கூட. தூக்கம் கெட்டதால் வருகிறது, போகப்போகச் சரியாகிவிடும் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். குழந்தையைத் தூக்க மனமில்லாமல் சாக்குச் சொல்கிறாள் என்று யாரோ பேசியதும் காதில் விழுந்தது. தையல் வலித்தபோதெல்லாம் வராத அழுகை அன்றைக்கு வந்தது.

சிஸ்டர், அன்று இரவு டியூட்டிக்கு நீங்கள் வந்தீர்கள். மாத்திரை கொடுத்துவிட்டு நகரப் போனவர், என் முகத்தைப் பார்த்து நின்றீர்கள். "படுத்தா போயிடுதா?" என்று கேட்டீர்கள். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. ஆமாம் என்றேன். "சரி, என் முன்னாடி ஒரு தடவை உட்காருங்க, பார்க்கிறேன்" என்றீர்கள். ஒரு கையால் என் முதுகைத் தாங்கி உட்கார வைத்தீர்கள், இன்னொரு கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தீர்கள். மூன்றாவது நிமிடம் நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஏழாவது நிமிடம் வாந்தி வருவது போலாகிவிட்டது. உடனே படுக்க வைத்து, திரும்பவும் கடிகாரம். வலி எவ்வளவு நேரத்தில் வந்தது, எவ்வளவு நேரத்தில் போனது என்று இரண்டையும் தாளில் குறித்துக்கொண்டீர்கள். பிரஷர் பார்த்தீர்கள், காய்ச்சல் பார்த்தீர்கள். கண் மங்குகிறதா, இரண்டிரண்டாகத் தெரிகிறதா, கை கால் ஏதாவது பலமில்லாமல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டீர்கள். அப்புறம் அந்த நேரத்திலேயே மயக்க டாக்டருக்குப் போன் செய்தீர்கள். "பேஷன்ட் பொய் சொல்லலை மேடம், நானே உட்கார வெச்சுப் பார்த்தேன்" என்று நீங்கள் போனில் சொன்னதைப் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். மருந்து எதுவும் உள்ளே போவதற்கு முன்பே என் பாதி பாரம் அந்த ஒரு வாக்கியத்தில் இறங்கியது.

டாக்டரம்மா, நீங்கள் விடிவதற்குள் வந்தீர்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு, படுத்திருக்கும் என் முகத்துக்கு நேராக உட்கார்ந்தீர்கள். "இது நாங்க போட்ட ஊசியால வந்ததும்மா. நீங்க எதுவும் தப்பா செய்யலை" என்று முதலிலேயே சொன்னீர்கள். அதைச் சொல்ல எல்லோருக்கும் மனம் வராது. ஒரு தாளில் படம் போட்டு விளக்கினீர்கள். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஒரு பை, அந்தப் பைக்குள் நீர். பெரியவர்களுக்கு எந்த நேரத்திலும் சுமார் 150 மில்லி இருக்கும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 மில்லி புதிதாக ஊறிக்கொண்டே இருக்கும். ஸ்பைனல் ஊசி அந்தப் பையைத் துளைத்துத்தான் மருந்தை உள்ளே விட முடியும். பெரும்பாலானவர்களுக்குத் துளை தானாக மூடிக்கொள்கிறது. சிலருக்கு மூடாமல் நீர் கசிகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. எழுந்து உட்கார்ந்தால், மிதக்கும் தாங்கல் குறைந்த மூளை லேசாகக் கீழே இறங்கி, வலி தெரியும் சவ்வுகளை இழுக்கிறது. ரத்தக் குழாய்களும் விரிகின்றன. படுத்தால் இழுவை நின்றுவிடுகிறது. நான் சொன்ன கயிறு கற்பனை இல்லை என்று அப்போதுதான் எனக்கே புரிந்தது.

எனக்கே ஏன் வந்தது என்று கேட்டேன். இளவயதுப் பெண்களுக்கும் பிரசவமானவர்களுக்கும் மற்றவர்களைவிட இது அதிகம் வரும் என்றீர்கள். எனக்குப் போட்டது பென்சில் முனை போன்ற மெல்லிய ஊசிதான், வெட்டும் முனை கொண்ட பழைய ஊசிகளைவிட அதில் தலைவலி மிகவும் குறைவு, ஆனாலும் அறவே இல்லாமல் போகவில்லை என்று ஒளிக்காமல் சொன்னீர்கள். அப்புறம் ஒரு பழைய கதை சொன்னீர்கள். 1898இல் ஜெர்மனியின் கீல் நகரத்தில் ஆகஸ்ட் பியர் என்ற அறுவை மருத்துவர், ஸ்பைனல் முறையைச் சோதிக்கத் தன் முதுகிலேயே ஊசி குத்தச் சொன்னாராம். ஊசியும் சிரிஞ்சும் சரியாகப் பொருந்தாமல் நிறைய நீர் வெளியேறிவிட, எழுந்தால் தலை வலித்து, படுத்தால் சரியாகி, ஒன்பது நாள் படுக்கையிலேயே கிடந்தாராம். அன்றைக்கு என்னை யாரும் நம்பாமல் இருந்த நிலையில், நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு டாக்டரே இதே வலியை அனுபவித்து எழுதி வைத்திருக்கிறார் என்பது எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று உங்களுக்குத் தெரியாது.

முதலில் மாத்திரைகளோடு பார்க்கலாம் என்றீர்கள். பாரசிட்டமால், கூட ஒரு வலி மாத்திரை, அளவாகக் காபி. தண்ணீர் நிறையக் குடித்தால் துளை அடைந்துவிடுமா என்று கேட்டேன். அடையாது, உடம்பு வறண்டுபோகாமல் இருந்தால் போதும், குடம் குடமாகக் குடிக்க வேண்டாம் என்றீர்கள். தலையணை வைத்ததால்தான் வந்தது என்று ஒருவர் என்னைக் குறைசொன்னதையும் கேட்டேன். ஆபரேஷன் முடிந்ததும் தட்டையாகவே படுத்திருந்தாலும் இந்த வலியைத் தடுக்க முடியாது, படுப்பது வலியைத் தணிக்குமே தவிர துளையை மூடாது என்று சொல்லி அந்தக் குற்ற உணர்ச்சியையும் எடுத்துப் போட்டீர்கள். அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் உறையலாம் என்று படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லிக் கொடுத்தீர்கள்.

இரண்டு நாள் பார்த்தும் என்னால் உட்கார முடியவில்லை. அந்த இரண்டு நாளை நான் தாண்டியது அண்ணியாலும் அம்மாவாலும்தான். அண்ணி, நீங்கள்தான் என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்கு ஒரு துணிச்சுருளை அண்டக் கொடுத்து, குழந்தையை என் பக்கத்தில் வயிற்றோடு வயிறாகக் கிடத்திப் பால் குடிக்கப் பழக்கினீர்கள். தையல் இருக்கும் வயிற்றில் அவள் கால் படாமல் நடுவில் உங்கள் உள்ளங்கையை வைத்தபடி, ஒவ்வொரு முறையும் அவள் குடித்து முடிக்கும்வரை குனிந்தே நின்றீர்கள். உங்களுக்கு இடுப்பு வலி உண்டு என்பது எனக்குத் தெரியும். அம்மா, நீ பேசவே இல்லை. ஜன்னல் வெளிச்சம் என் கண்ணைக் குத்தாமல் ஒரு சேலையை மடித்துக் கட்டினாய். அதுவே போதுமாக இருந்தது.

மாத்திரைக்கு வலி அடங்காததால், முதுகில் ஊசி வழியாக ரத்தம் செலுத்தித் துளையை அடைக்கும் பிளட் பேட்ச் செய்யலாம் என்று டாக்டரம்மா நீங்கள் சொன்னபோது, இன்னொரு ஊசியா என்று என் கணவர் பயந்தார். அவர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் நீங்கள் நிதானமாகப் பதில் சொன்னீர்கள். ஒரே தடவையில் சரியாகாமலும் போகலாம், இன்னொரு முறை செய்ய வேண்டியிருக்கலாம், சில நாள் முதுகு வலிக்கும், மறுபடியும் பை துளைபடவும் கிருமி தொற்றவும் சிறு வாய்ப்பு உண்டு. எதையும் மறைக்காததால்தான் துணிந்து கையெழுத்துப் போட்டோம்.

ஒருவர் என் கையிலிருந்து ரத்தம் எடுத்தார். நீங்கள் முதுகில் பைக்கு வெளியே உள்ள இடைவெளியைக் கண்டுபிடித்து, அந்த ரத்தத்தை, என் சொந்த ரத்தத்தை, மெதுவாக உள்ளே செலுத்தினீர்கள். ஏறக்குறைய 20 மில்லி. "இறுக்கமா இருந்தா சொல்லுங்க, நிறுத்திடுறேன்" என்று சொல்லிக்கொண்டே செய்தீர்கள். இடுப்பில் ஒரு கனம் பரவியது, வலி என்று சொல்ல மாட்டேன். உறைந்த ரத்தம் துளையின் மேல் ஒட்டுப் போட்டதுபோல் உட்கார்ந்துகொள்ளுமாம். 1960இல் கோர்ம்லி என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் இதைச் செய்து பார்த்தார் என்றீர்கள். முதுகில் குத்தும்போது ரத்தம் கசிந்தவர்களுக்குத் தலைவலி குறைவாக இருந்ததை அவர் கவனித்தாராம். கவனித்த அந்த மனிதருக்கும் என் நன்றி.

இரண்டு மணி நேரம் மல்லாந்து கிடந்தேன். பிறகு உட்கார வைத்தீர்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டு வலிக்காகக் காத்திருந்தேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். வலி வரவில்லை. காது 'டப்' என்று திறந்தது. தலைக்கு மேல் ஓடும் ஃபேன் சத்தம், வராந்தாவில் ஆயாம்மா வாளியை நகர்த்தும் சத்தம், அப்புறம் என் மகள் மூச்சு விடும் சத்தம். ஆயாம்மா, நீங்கள் வாளியை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்து என் தலையைத் தடவிக் கொடுத்தீர்களே, அதற்கும் நன்றி.

வீட்டுக்கு வந்த பிறகு கனமாக எதையும் தூக்காமல், குனியாமல், முக்காமல் சில நாள் இருக்க வேண்டியிருந்தது. குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்துக் கொடுக்க ராத்திரியில் எத்தனை முறை என்று கணக்கில்லாமல் எழுந்த என் கணவருக்கு நன்றி. டிஸ்சார்ஜ் ஆன பிறகும் இரண்டு முறை போன் செய்து விசாரித்த டாக்டரம்மாவுக்கு நன்றி.

இதைப் படிக்கும் தாய்மாரே, டாக்டரம்மா எனக்கு எழுதிக் கொடுத்ததை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பிரசவத்துக்குப் பிறகு வரும் எல்லாத் தலைவலியும் இந்த வகை இல்லை. படுத்தாலும் போகாமல் இருந்தால், வலியின் குணம் மாறினால், காய்ச்சல், வலிப்பு, பார்வை மங்கல், குழறல், கை கால் பலவீனம், தொடர்ந்த வாந்தி, பிரஷர் ஏற்றம் இதில் ஏதாவது இருந்தால் காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிளட் பேட்ச் செய்த பிறகு கால் மரத்தாலோ, சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போனாலோ அதுவும் அப்படித்தான். உட்கார்ந்தால் மட்டும் வலிக்கிறது என்றால் அதை அதே வார்த்தையில் சொல்லுங்கள். ரவுண்ட்ஸ் வரும்போது படுத்திருந்தால், "நான் உட்கார்ந்து காட்டுகிறேன், கொஞ்சம் நில்லுங்கள்" என்று கேளுங்கள்.

சிஸ்டர், பிளட் பேட்ச் செய்த அன்று உங்களுக்கு லீவு. மறுநாள் நான் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டேன். நீங்கள் குறித்து வைத்த அந்தத் தாளை டாக்டரம்மா எடுத்துக் காட்டி, "இதை வெச்சுதான் உடனே முடிவு பண்ண முடிஞ்சுது" என்றார். அது உங்களுக்குத் தெரிந்திருக்காது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அன்புடன்,
பதினான்காம் நம்பர் கட்டிலில் இருந்தவள்