என் மகனைக் கணக்கில் சேர்த்தவர்களுக்கு

மதிப்பிற்குரிய அனைவருக்கும் காரைக்குடியிலிருந்து ஒரு தாயின் வணக்கம்.

என் மகனுக்கு ஆறு வயதில் சிறுமூளையில் கட்டி வந்தது. மெடுல்லோபிளாஸ்டோமா என்ற அந்தப் புற்றுநோயின் பெயர் என் வாயில் நுழையவே ஒரு வாரம் ஆனது. காலையில் எழுந்ததும் தலைவலி, ஒரு வாந்தி. பிறகு சரியாகிப் பள்ளிக்கூடம் போய்விடுவான். வயிற்றுக் கோளாறு என்று மூன்று மாதம் மருந்து கொடுத்தோம். நடை தள்ளாடியபோதும் பிள்ளை இளைத்துவிட்டான் என்றே நினைத்தோம். கண்ணாடி போட வேண்டுமோ என்று காட்டப் போன இடத்தில், கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்த டாக்டரம்மா, "நரம்பு வீங்கியிருக்கு. நாளைக்கு வேண்டாம், இன்னைக்கே மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். அம்மா, அந்த ஒரு சொல்லுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்!

மதுரையில் அறுவை சிகிச்சை செய்த டாக்டர்கள், கதிர் சிகிச்சையில் அவன் அசையாமல் படுக்கக் கதை சொன்ன தம்பி, வாடகை வாங்காமல் மாடியறை தந்த அக்கா, எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

அதே ஆஸ்பத்திரியில், புற்றுநோய் வந்தவர்களின் விவரங்களை எழுதிவைக்கும் பதிவேட்டுப் பிரிவில் இருக்கும் தங்கைக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். "முதல் வாந்தி என்னைக்குக்கா?" என்று கேட்டார். தேதி நினைவில்லை. மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்குக் காப்புக் கட்டிய மறுநாள் என்றேன். காலண்டரைப் புரட்டி நாளைக் கண்டுபிடித்த பிறகுதான் எழுதினார். நாங்கள் தவறவிட்ட அந்த மூன்று மாதமும் அந்தத் தாளில் இருக்கிறது. இருக்கட்டும். இன்னொரு பிள்ளைக்கு அந்த நாள்கள் குறையட்டும்.

1981-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தொடங்கிய தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் இது என்றும், விவரங்கள் பெங்களூருக்குப் போகின்றன என்றும் அவர்தான் விளக்கினார். குழந்தைகளுக்கு மூளைக்கட்டி அரிதாக வருவது. ஓர் ஆஸ்பத்திரியின் கணக்கை மட்டும் வைத்து எந்தச் சிகிச்சை நன்றாகப் பலிக்கிறது என்று சொல்ல முடியாது; பல ஊர்க் கணக்கும் ஒன்றுசேர வேண்டும். குடும்பங்களை எண்ணும் கோயில் புள்ளிக் கணக்கில் ஒரு பெயர் விட்டுப்போனாலும் விடாமல் கேட்கும் சீமை நம்முடையது. எங்களுக்கு இது புரியாதா? இதில் வேலைதான் அதிகம், வரும்படி இல்லை. அப்படியும் இந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்கும் ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு என் மனமார்ந்த நன்றி.

சிகிச்சை முடிந்த பிறகும் அந்தத் தங்கை போன் செய்கிறார். போன வாரமும் பேசினார். சைக்கிள் ஓட்டுகிறான், மூன்றாம் வகுப்புப் போகிறான் என்றேன். மருந்தினால் வலது காது சற்று மந்தம் என்றேன். "அதையும் எழுதிக்கிறேன்க்கா" என்றார்.

நன்றியுடன்,
ஒரு தாய், காரைக்குடி